நாகஜோதி எழுதிய புரோகிராம்

வீரபாண்டி பனியன் கம்பெனியில் புரோகிராம் எழுதும் நாகஜோதிக்கு அன்று விடிந்ததே சரியில்லை. திறந்து பார்த்து மூட மறந்த குழாயில், ஆறு நாளாக வராத தண்ணீர் விடியற்காலையில் வந்து கூடம் முழுக்க நின்றது. அள்ளி ஊற்றிவிட்டுச் சைக்கிளில் கிளம்பினால், பாதி வழியில் செயின் கழன்றது.

கையெல்லாம் கிரீஸோடு அவள் ஆபீஸுக்குள் நுழைந்தபோது, எந்த சைஸில் எத்தனை பனியன் வெட்டுவதென்று காட்ட மூன்று மாதமாக அவள் எழுதிய கட்டிங் புரோகிராமை முதலாளி ஆத்தப்பனுக்கு ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள் பக்கத்து மேசை சுபஸ்ரீ. அவள் சுடிதாரில் ஒரு கசங்கல் இல்லை.

"அருமையா இருக்குது கண்ணு!" என்றார் ஆத்தப்பன்.

நாகஜோதிக்கு வயிறு எரிந்தது. அந்தக் 'கண்ணு' தனக்கு வரவேண்டியது. சுபஸ்ரீ அதில் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனாலும் பாராட்டைச் சிரித்தபடி வாங்கிக்கொண்டாள்.

கட்டிங் மாஸ்டர் ஆரோக்கியராஜ் திரையைக் குனிந்து பார்த்தார். "என்ன தாயி, எல், எம், எஸ், எக்ஸெல்னு வருது? பெருசுக்கு அப்புறமா சின்னது? பனியனைப் பார்த்தே இராத ஆளு எழுதுனதா இது?"

கம்ப்யூட்டர் சைஸ்களை ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கியிருந்தது. ஆத்தப்பனும் சிரித்துவிட்டார். சுபஸ்ரீ முகம் சிவந்ததைப் பார்க்க நாகஜோதிக்கு வயிறு குளிர்ந்தது.

"நான் சும்மா ஓட்டிக் காட்டுனனுங்க," என்று சுபஸ்ரீ வாசலைக் கைகாட்டினாள். "முழுக்க எழுதுனது நாகஜோதி அக்காதானுங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். மூன்று மாதமாகக் கேட்கக் காத்திருந்த தன் பெயர் ஒருவழியாகக் காதில் விழுந்தது. நாகஜோதி கிரீஸ் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அஞ்சு நிமிசம் சார், மாத்திருதேன்."