ஆளில்லாத கிளைடருக்குள் ஆள் தேடியவர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் பட்டறையில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். செய்து முடித்த உதிரிபாகங்களை அளந்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புவதுதான் என் வேலை. அவை எங்கே போய் என்ன செய்கின்றன என்று நேரில் பார்த்தது ஒரே ஒரு முறைதான்.

ஒரு பெண் இன்ஜினியர் எங்கள் பட்டறைக்கு வந்தாள். கோயம்புத்தூர்க்காரி, முப்பது வயதுகூட இருக்காது. இரண்டு நண்பர்களோடு சேர்ந்து சொந்தக் கம்பெனி நடத்துகிறாள். சரக்கு விமானத்தின் பின்னால் கயிறு கட்டி, என்ஜினோ ஆளோ இல்லாத இன்னொரு விமானத்தை, அதாவது கிளைடரை, இழுத்துக்கொண்டு போவது அவர்களுடைய திட்டம். அந்தக் கிளைடரிலும் சரக்கு ஏற்றலாம். இறங்கும் இடம் வந்ததும் கயிற்றை விட்டுவிட்டால் அது தானாகவே மிதந்து தரைக்கு வந்துவிடும். கொஞ்சம் கூடுதல் எரிபொருளில் நிறைய சரக்கு போய்ச் சேரும்.

"லாரிக்குப் பின்னாடி டிரெய்லர் மாட்டுறாங்கல்லங்க அக்கா, அதேதான்" என்றாள்.

கிளைடரின் மூக்கில் கயிற்றைப் பிடித்திருக்கும் கொக்கியைத்தான் எங்களிடம் செய்யச் சொன்னாள். அதில் விரல் போன்ற சின்ன இரும்புக் கம்பி ஒன்று உண்டு, அதற்குப் பெயர் பின். பின் விலகினால் கொக்கி திறந்து கயிறு விழும். நான்கு செட் செய்தோம். முலாம் பூசிவரப் போன பின்கள் ஒரு சனிக்கிழமை மாலை திரும்பி வந்தன. அவற்றை எடுத்துப்போக வண்டி வாசலில் காத்து நின்றது. ஒன்றை அளந்தேன், சரியாக இருந்தது. நான்குக்கும் கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளானூர் பக்கம் ஒரு காலி நிலத்தில், அனுமதி வாங்கி, சோதனை வைத்தார்கள். "நீங்க செஞ்ச கொக்கிங்க, வந்து பாருங்க அக்கா" என்று கூப்பிட்டாள். சேக்காட்டில்தான் வீடு என்பதால் காலையிலேயே ஸ்கூட்டரில் போய்விட்டேன்.

ஏதோ பொம்மை மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். கிளைடரைப் பார்த்ததும் திக்கென்றது. இறக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு என் வீட்டுக் கூடத்தைவிட நீளம். வயிற்றுப் பகுதியில் இரண்டு அரிசி மூட்டைகளை வைத்துக் கட்டினார்கள். இழுக்கும் விமானத்திலும் ஆள் கிடையாது. ஒருவர் தரையில் நின்று ரிமோட்டில் ஓட்டினார். இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக எழும்பிப் போனதைப் பார்த்தபோது உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

இரண்டு சுற்று வந்தபின் அவள், "கயித்த விடு" என்றாள்.

கயிறு விழவில்லை.

"விடுங்கறேன்ல!"

"கமாண்ட் போயிடுச்சு. கொக்கி தொறக்கல" என்றான் லேப்டாப் முன்னால் இருந்த நண்பன்.

கொக்கி என்ற சொல் காதில் விழுந்ததும் நான் லேப்டாப் பக்கம் போய் நின்றேன். இன்னும் மூன்று முறை முயன்றார்கள். இழுக்கும் விமானத்தில் எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் அந்த விமானத்தில் மாட்டியிருந்த முனையை ரிமோட்டிலேயே கழற்றிவிட்டார்கள். இப்போது கிளைடர் மொத்தக் கயிற்றையும் மூக்கில் தொங்கவிட்டபடி தனியாக இறங்கி வந்தது. நிலத்தின் ஓரத்தில் வேலிக்கு நட்டிருந்த கல்தூணில் கயிறு சுற்றிக்கொண்டது. யாரோ மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்ததுபோல் கிளைடர் தலைகுப்புறத் திரும்பி, வேலிக்கு அப்பால் இருந்த கீரைப் பாத்தியில் விழுந்தது.

அங்கே ஒரு ஆள் இருந்தார். ஐம்பது வயதிருக்கும், அந்த ஊர்க்காரர். அவர் நின்ற இடத்துக்கும் அது விழுந்த இடத்துக்கும் பத்தடிகூட இல்லை. 

அவர் ஓடிப்போவார் என்றுதான் நினைத்தேன். அவரோ கிளைடரை நோக்கி ஓடினார்.

நாங்கள் வேலியைத் தாண்டிப் போவதற்குள் அவர் கிளைடரின் உடைந்த வெளிக்கூட்டை வெறுங்கையால் பிய்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூட்டையை வெளியே இழுத்துப் போட்டு, தலையை உள்ளே நுழைத்து, "நைனா! நைனா! உசுரு கீதா? ஒரு கொரல் குடு நைனா!" என்று கத்தினார். இரண்டு கையிலும் ரத்தம். உடைந்த கூட்டின் விளிம்பு பிளேடு மாதிரி.

"அண்ணே, உள்ள யாரும் இல்லண்ணே" என்று அவர் தோளைப் பிடித்தேன்.

"சும்மா இரும்மா! ஓட்டிகினு வந்தவன் உள்ளதான் மாட்டிகினு கீறான்!"

"ஓட்டவே ஆள் இல்லண்ணே. அது தானா பறக்குறது."

அவர் என்னைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். அதன் கிழிந்த வாயிலிருந்து அரிசி கொட்டிக்கொண்டிருந்தது. "அரிசியா?" என்றார். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.  ஆவடியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப்போனோம். அங்கே வலது உள்ளங்கையில் தையல் போட்டார்கள்.

மறுநாள் அந்தக் கொக்கியைப் பட்டறைக்குக் கொண்டு வந்தார்கள். பின்னைக் கழற்றி மைக்ரோமீட்டரில் வைத்தேன். முலாம் தடித்துப்போயிருந்தது. கூடுதலாக இருந்தது ஒரு முடி கனம்கூட இல்லை. ஆனால் கயிறு இழுக்கும்போது பின் இறுகிக்கொள்ள அது போதும். அன்று நான் அளந்தது வேறு பின். இதை அளக்கவே இல்லை.

முதலாளியிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். "நீ வாயே தொறக்காத. அவங்க டிசைன் சரியில்லன்னு சொல்லிக்கலாம். சின்னப் பசங்கதான, நம்பிடுவாங்க" என்றார். இத்தனை வருடத்தில் அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அதைவிட, ஒரு நிமிடம் நானும் சரி என்று தலையாட்டியதுதான் எனக்கு அதிர்ச்சி.

அந்த ரத்தக் கையை நினைத்ததும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. மாலையில் அவளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நாங்க தரையில பத்து தடவ தொறந்து பாத்தோங்க அக்கா. கயித்த யாரும் இழுத்துப் பிடிக்காமயே பாத்துட்டோம். எங்க மேலயுந்தான் தப்பு" என்றாள். அழுதாள். நானும் அழுதேன்.

கிளைடருக்குள் ஆள் தேடியவரைப் பார்க்க இருவரும் சேர்ந்து அவர் வீட்டுக்குப் போனோம். கட்டுப் போட்ட கையோடு கட்டிலில் இருந்தார். நாங்கள் மன்னிப்புக் கேட்டு முடிக்கும் முன்பே கத்தினார்.

"ஆளு இல்லன்னா மேல எழுதி வெக்க மாட்டீங்களா? அடுத்த தபா வேற எவனாவது ஓடுவான்ல? மொத்தமும் பத்திகினு எரிஞ்சிருந்தா?"

 அடுத்து செய்த கிளைடரின் இரண்டு பக்கமும் 'உள்ளே ஆள் இல்லை' என்று சிவப்பில் எழுதினார்கள். பறக்கவிடும் முன் சுற்றிலும் உள்ள தோட்டங்களுக்குப் போய்ச் சொல்லவும் தொடங்கினார்கள். முதலாளி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் வேலையை விட்டுப் போகச் சொல்லவுமில்லை.

நான்கு மாதம் கழித்து மறுபடி பறக்கவிட்டார்கள். இம்முறை ஒவ்வொரு பின்னையும் நானே அளந்திருந்தேன். கயிற்றில் எடை தொங்கவிட்டும் திறந்து பார்த்திருந்தோம். "விடு" என்றதும் கயிறு விழுந்தது. கிளைடர் சத்தமே இல்லாமல் வந்து தரையில் வழுக்கி நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் போய் அதன் மூக்கில் திறந்து கிடந்த கொக்கியைத் தொட்டுப் பார்த்தேன்.