அத்தை வரைந்த கோர்ட்டுகள்

என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, சட்டக் கல்லூரியில் முதல் வருடம் படித்தபோது ஒரே ஒரு பேப்பரில் பெயிலானாள். சட்ட ஆங்கிலம். அந்தச் செய்தி எங்கள் வீட்டில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று அத்தை, இன்னொன்று, அப்போது ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான். அவள் போனில் ரிசல்ட் பார்த்த நேரத்தில் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி எதுவும் இல்லை.

"ஒங்கப்பாட்ட சொல்லிராதடி" என்றாள். நான் சொல்லவில்லை. அதற்காகப் பெரிய மனுஷி ஆகிவிட்டதைப் போல இரண்டு நாள் நடந்துகொண்டேன்.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. ஜெகதாப்பட்டினத்தில் எங்கள் தெருவிலிருந்து வக்கீல் படிப்புக்குப் போன முதல் ஆள் அத்தைதான். அப்பா விசைப்படகு டிரைவர். துறைமுகத்தில் யாரிடம் பேசினாலும் இறால் விலையில் ஆரம்பிப்பார், ஐஸ் தட்டுப்பாட்டைத் தொடுவார், பிறகு எப்படியோ தங்கச்சியின் கல்லூரிக்கு வந்து சேர்ந்துவிடுவார். அந்த மனிதரிடம் போய் எப்படிச் சொல்வது?

அத்தை பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள். அகராதியை வைத்துக்கொண்டு நாளைக்கு இருபது வார்த்தை மனப்பாடம் செய்தாள். மறுநாள் அதில் மூன்று மிஞ்சின. பிறகு கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகத்தோடு செமஸ்டர் லீவுக்கு வந்தாள். எந்தெந்த நாட்டில் கோர்ட்டுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லும் புத்தகம் அது.

"எந்த வார்த்தை எந்தப் படியில ஒக்காந்திருக்குன்னு தெரிஞ்சா மறக்காதுடி" என்றாள்.

பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் நாட்டுக்கு ஒரு மாடிப்படி வரைந்தாள். நம் நாட்டில் கீழ்ப்படியில் மாஜிஸ்திரேட், அதற்கு மேல் செஷன்ஸ், அப்புறம் ஹைகோர்ட், உச்சியில் சுப்ரீம் கோர்ட். இங்கிலாந்துக்கு ஒரு படி, அமெரிக்காவுக்கு ஒரு படி, இலங்கைக்கு ஒரு படி. ரிமாண்ட் முதல் படியில் நின்றது. அப்பீல் என்ற வார்த்தை ஒவ்வொரு நாட்டிலும் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சோற்றுப் பருக்கையால் சுவரில் ஒட்டினாள். அம்மா ஒருமுறை எட்டிப் பார்த்து, "செவுத்துல எறும்பு வரும்" என்று மட்டும் சொன்னார்.

நான் இங்கிலீஷ் மீடியம். எந்த வார்த்தையைக் கொடுத்தாலும் சத்தமாக வாசித்துவிடுவேன், அர்த்தம் தெரியாது. அத்தைக்கு அர்த்தம் தெரியும், வாயில் வராது. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு வக்கீல் தேறும்.

ஒருநாள் சென்டன்ஸ் என்ற வார்த்தையில் எங்களுக்குள் சண்டை வந்தது.

"சென்டன்ஸ்னா வாக்கியம். மொத எழுத்து பெருசா இருக்கணும், கடைசியில புள்ளி வைக்கணும்" என்றேன் நான்.

"கோர்ட்டுல சென்டன்ஸ்னா தண்டனைடி."

"அப்ப புள்ளி?"

"ஜெயில விட்டு வெளிய வர்ற அன்னைக்கு வைப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

அந்த வாரம்தான் அப்பா போன படகு திரும்பி வரவில்லை. கூடப் போன படகுகள் காலையில் வந்துவிட்டன. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைப் பக்கத்தில் பிடித்துவிட்டார்கள், படகில் இருந்த ஐந்து பேரும் பத்திரமாக இருக்கிறார்கள் என்று வந்தவர்கள் சொன்னார்கள். எங்கள் ஊருக்கு இது புதிய செய்தி இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக்குப் புதிது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு மற்ற நான்கு வீட்டுப் பெண்களோடு துறைமுகத்தில் போய் உட்கார்ந்தார்.

சாயங்காலம் போனில் செய்தி வந்தது. ஐவருக்கும் பதினான்கு நாள் விளக்கமறியல் என்று இலங்கைத் தமிழில் எழுதியிருந்தது. எனக்குத் தெரிந்த மறியல் பஸ் ஸ்டாண்டில் நடக்கும் சாலை மறியல்தான். அப்பா கையில் விளக்கு வைத்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். அவரை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அத்தைதான் என்னைச் சுவருக்கு இழுத்துப் போய் இலங்கைப் படியின் அடியில் விரலை வைத்தாள்.

"நம்ம ஊரு ரிமாண்டுதான் அங்கிட்டு விளக்கமறியல். இன்னும் கேஸே முடியல. மொதப் படியிலதான் நிக்கிறாங்க. புரியுதா?"

அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, எனக்குப் பின்னால் நின்ற அம்மாவிடம் சொன்னாள் என்பது அம்மா மூக்கை உறிஞ்சிய சத்தம் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

ஐந்து பேரையும் இரண்டாவது முறை கோர்ட்டுக்குக் கொண்டுபோன மறுநாள் மத்தியானம், மீனவர் சங்கக் கொட்டகைக்கு எங்களை வரச் சொன்னார்கள். இலங்கையில் இருக்கும் இந்தியத் தூதரகம் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பக்கக் கடிதத்தின் நகல் வந்திருந்தது. எதிர்த் தெருவில் சிங்கப்பூரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவர் இருந்தார். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்து, நிமிர்ந்து பார்க்காமலே, "குத்தம்னு தீர்ப்பாயிருச்சு. ஆறு மாசம் ஜெயிலு" என்றார்.

கொட்டகையில் எழுந்த அழுகையை இப்போதும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. அம்மா மட்டும் அழவில்லை. என் கையை வலிக்கும்படி பிடித்துக்கொண்டார்.

சங்கத் தலைவர்தான் கூட்டத்தில் தேடி அத்தையைக் கூப்பிட்டார். "ஆத்தா, நீ வக்கீலுக்குப் படிக்கிற புள்ள. ஒரு தடவ பாத்துச் சொல்லுத்தா."

அத்தை என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பேப்பரில் அவள் பெயில் என்று அந்தக் கொட்டகையில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கடிதத்தை வாங்கி ஒருமுறை படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்து, ஒரு வார்த்தையைக் காட்டி, "இத வாசிடி" என்றாள்.

"சஸ்பெண்டட்" என்றேன். பள்ளிக்கூடத்தில் வாசிப்பதைப் போல உரக்க வாசித்தேன்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். சுவரை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கண்ணைத் திறந்தபோது குரல் மாறியிருந்தது.

"குத்தம்னு தீர்ப்பு ஆனது நெசந்தான். ஆறு மாசம் போட்டதும் நெசந்தான். ஆனா அந்தத் தண்டனைய நிறுத்தி வச்சிருக்காங்க. உள்ள இருக்க வேண்டியதில்ல. அஞ்சு பேரும் வீட்டுக்கு வந்துருவாங்க."

சிங்கப்பூர்க்காரர் விடவில்லை. "சஸ்பெண்டுன்னா வேலைய விட்டு நிறுத்துறதும்மா. இனி படகு ஓட்டக் கூடாதுன்னு நிறுத்திட்டான்னு போட்டிருக்கு."

"இல்லண்ணே. படகப் பத்திக் கீழ தனியா ஒரு பாரா இருக்கு பாருங்க. இது தண்டனைக்குப் பக்கத்துல நிக்கிது. இங்கிலாந்துலயும் இதே வார்த்தைதான், இதே அர்த்தந்தான்."

இங்கிலாந்து என்றதும் கொட்டகை அடங்கியது. தலைவர் கேட்டார்: "நீ சொல்றது உறுதிதானத்தா?"

"உறுதிதாங்க."

திரும்பி வரும்போது ஐஸ் பிளாண்ட் சுவரோரம் அத்தை நின்றுவிட்டாள். "தப்பாச் சொல்லியிருந்தா அஞ்சு வீட்டு மூஞ்சியிலயும் எப்படிடி முழிப்பேன்?"

"தப்பா இருக்காது அத்தை. நான்தான வாசிச்சேன்" என்றேன் நான், மனப்பூர்வமாக.

வீட்டுக்கு வந்ததும் அத்தை அம்மாவை அடுக்களைக்குள் கூப்பிட்டுப் போய், "மதினி, இன்னும் ஒரு வரி இருக்கு" என்று கடிதத்தின் ஏதோ ஒரு இடத்தை மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா கேட்டுவிட்டு, "ஆள் வரட்டும் மொதல்ல" என்றார். அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் மறுபடி குழம்பு வைத்தார்கள்.

அப்பா வந்தார். மெலிந்து, தாடியோடு, சென்னையிலிருந்து ஒரு வேனில் மற்ற நால்வருடன் வந்து இறங்கினார். தெருவே கூடிவிட்டது. கொட்டகையில் நடந்ததை யாரோ வேனிலேயே சொல்லியிருக்க வேண்டும். இறங்கியதும் அத்தையின் தலையில் கையை வைத்து, "எந்தங்கச்சி ஒரு தாளப் படிச்சே ஊர நிமித்திட்டாளாம்" என்றார்.

அத்தை உடைந்துவிட்டாள். அத்தனை பேர் முன்னாலும், "அண்ணே, நான் அந்தப் பேப்பர்லதாண்ணே பெயிலு" என்றாள்.

அப்பா தாடியைச் சொறிந்தார். பிறகு, விழா மேடையில் நிற்பவரைப் போல எல்லாரையும் சுற்றிப் பார்த்து, "பெயிலாகியே இம்புட்டுன்னா, பாஸானா என்ன ஆகும்?" என்றார். தெரு முழுக்கச் சிரித்தது. சிங்கப்பூர்க்காரர்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். அந்த வருடக் கடைசியில் அத்தை பாஸானாள்.

அப்பா கடலுக்குத் திரும்பவில்லை. ஐஸ் பிளாண்டில் வேலைக்குச் சேர்ந்தார். எனக்கு அதைவிட மகிழ்ச்சி எதுவும் இல்லை. தினமும் வீட்டில் சாப்பிட்டார்; என் தலையைப் பின்னக் கற்றுக்கொண்டு கோணலாகப் பின்னினார்; காலையில் வண்டியில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டார். அத்தை அடுக்களையில் சொன்ன அந்த ஒரு வரி, ஐந்து வருடத்துக்குள் மறுபடி அந்தப் பக்கம் பிடிபட்டால் நிறுத்தி வைத்த ஆறு மாதத்தையும் சேர்த்து உள்ளே இருக்க வேண்டும் என்பது. காற்றும் நீரோட்டமும் இழுக்கும் கடலில் அந்தப் பக்கம் எது, இந்தப் பக்கம் எது என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? இதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகு அத்தை சொல்லித் தெரிந்தது.

பள்ளிக்கூடம் போகும் வழியில் துறைமுகத் திருப்பத்தில் அப்பா தினமும் வண்டியை நிறுத்துவார். எஞ்சினை அணைத்துவிட்டு, படகுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குக் காட்டத்தான் நிறுத்துகிறார் என்று நினைத்து, வண்டியின் பின்னால் உட்கார்ந்தபடி எல்லாப் படகுக்கும் கையசைத்துக்கொண்டிருந்தேன்.