கடை இல்லாத பலகை

அந்தப் பலகையை நான் பார்க்கும் முன்பே வெறுத்தேன். ஒருத்தனைப் பிடிக்கவில்லை என்றால் அவன் வாங்கி வருகிற கத்திரிக்காய்கூட சொத்தையாகத்தான் தெரியும். பலகையைக் கொண்டு வந்தவன் எனக்கு அப்படிப்பட்டவன்.

எங்கள் கேரம் மன்றம் திருவொற்றியூரில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், தகரக் கூரை போட்ட ஒரே அறை. நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் பலகை. பலகைக்கு மேலே தகரக் குடை போட்ட குண்டு பல்பு ஒன்று தாழத் தொங்கும். வெளிச்சத்துக்காக மட்டும் தொங்கவிட்டது இல்லை. கடற்காற்று இங்கே உப்பையே தண்ணீராக்கிவிடும், பலகை எம்மாத்திரம். பல்பின் சூட்டில்தான் பலகை காய்ந்து காய் ஓடும். மழைக்காலத்தில் அதுவும் போதாது. மத்தியானம் பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயில் காட்டுவோம். காசிமேட்டில் கருவாட்டைக் காயப்போடுகிற மாதிரி வரிசையாகப் பலகைகள் காய்ந்த காலம் உண்டு. அப்போது தெருவுக்கு ஒரு மன்றம்.

பலகையைக் கொண்டு வந்தவனுக்குப் பெயர் இருக்கிறது, நான் சொல்லமாட்டேன். கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவன், அதனால் எல்லோருக்கும் கிரேன். நான் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவன். நாங்கள் கீழே நின்று மூட்டைக்குக் கொக்கி மாட்டுவோம், இந்த மாதிரி ஆட்கள் மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்துகொண்டு கையை அசைப்பார்கள். அவன் எங்கள் துறைமுகத்தில் ஓட்டியவன் இல்லை. உரக் கம்பெனியில் ஓட்டியவன். ஆனாலும் கூண்டு கூண்டுதானே. என் வலது ஆள்காட்டி விரல் இரும்புக் கயிற்றுக்கும் பெட்டிக்கும் நடுவில் மாட்டி வளைந்தது ஒரு கிரேன்காரன் அவசரத்தில். அவன் வேறு, இவன் வேறு என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

விரல் வளைந்த பிறகு என்னால் ஸ்ட்ரைக்கரை வேகமாக அடிக்க முடியாது. நடுவிரலால் தட்டுவேன். எங்கள் பழைய பலகையில் அது போதும். அந்தப் பலகையில் இடது மூலைக் குழிக்கு முன்னால் லேசாக ஒரு பள்ளம் உண்டு. கண்ணுக்குத் தெரியாது. காயை மெதுவாக அந்தப் பக்கம் அனுப்பினால் போதும், அதுவே தயங்கித் தயங்கிப் போய் விழும். என் ஆட்டம் மொத்தமும் அந்தப் பள்ளத்தில்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் பொங்கலுக்கு முன்னால் ராயபுரத்து மன்றத்தோடு நடக்கிற மேட்சில், எங்கள் பக்கம் உட்காருகிற நாலு பேரில் ஒருத்தனாக இத்தனை வருஷம் இருந்தேன்.

வீட்டில் என் மரியாதை ரேஷன் கார்டில் பேர் இருக்கிற அளவுக்குத்தான். வெளியே நான் நாலில் ஒருத்தன். பலகை மாறினால் அந்த இடம் போய்விடும். எனக்கு இருந்தது இந்த ஒரே காரணம். மற்றதெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொன்னது.

கிரேனுடைய மருமகன் போனில் பார்த்து வாங்கிக் கொடுத்த பலகை அது. புதுக் கம்பெனி. கடை கிடையாதாம், ஏஜெண்ட் கிடையாதாம், கம்பெனியிலிருந்து நேராக வீட்டுக்கே வருமாம். அட்டைப் பெட்டியோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து மன்றத்து வாசலில் இறக்கினான். பெட்டியைப் பிரித்த உடனே பத்துப் பேர் சுற்றி நின்று தடவிப் பார்த்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இவர்கள் அப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

"வெண்ண மாதிரி கீதுபா" என்றான் ஒருத்தன்.

"வெண்ணய துன்னலாம், இத்த துன்ன முடியுமா?" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்று முடிவானது. செயலாளர் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தரகு பார்க்கிறவர். எதையும் இரண்டாக வைத்துப் பார்க்காமல் விலை சொல்லமாட்டார். இரண்டிலும் பவுடர் தூவினார்கள். முழு பலத்தோடு அடித்தால் ஸ்ட்ரைக்கர் எதிர்ச் சட்டத்தில் பட்டு, திரும்பி, மறுபடி போய், மறுபடி பாதி வழியாவது வர வேண்டும். மூன்றரை ஓட்டம் என்பார்கள். எங்கள் பழையது இரண்டு ஓட்டத்துக்கே மூச்சு வாங்கியது. புதியது மூன்றரையும் ஓடி, இன்னும் போகட்டுமா என்று கேட்கிற மாதிரி நின்றது.

பிறகு சத்தம் பார்த்தார்கள். பழையதில் சட்டத்தில் பட்டால் ஈரச் சாக்கில் குத்துகிற மாதிரி ஒரு சத்தம். புதியதில் டொக்கென்று சுத்தமாக. குழி பார்த்தார்கள், வலை பார்த்தார்கள், சட்டத்தின் அகலம் பார்த்தார்கள். ஒருவன் பழைய பலகையில் கன்னத்தை வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, பள்ளம் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்த மாதிரி சொன்னான். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொன்னேன். சட்டம் பளபளக்கிறது, கண் கூசும் என்றேன். வலை நைலான், காய் துள்ளி வெளியே வரும் என்றேன். மரம் லேசு, நாலு மாசம் தாங்காது என்றேன். கிரேன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் வாயைத் திறந்தான்.

"நீ ஆட்றது ஆட்டமே இல்லபா. பள்ளம் ஆடுது, நீ சொம்மா குந்திகினு கீற."

ராத்திரி படுத்த பிறகு பத்து பதில் வந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. எண்ணூர் பக்கத்துக் காற்றில் சாம்பலும் ஈரமும் கலந்து வந்து துணியெல்லாம் பிசுபிசுத்தது. கிரேனுடைய பலகையும் ஈரத்தில் காயைக் கொஞ்சம் பிடித்து நிறுத்த ஆரம்பித்தது. மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். எங்கள் வழக்கப்படி அதை மாடிக்குத் தூக்கினார்கள். நானும் ஒரு மூலை பிடித்தேன். யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. பலகை என்றால் வெயில் காட்ட வேண்டும், குழந்தை என்றால் எண்ணெய் தேய்க்க வேண்டும். கிரேன் பக்கத்திலேயே குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, காக்கா எச்சம் படாமல் பார்த்துக்கொண்டான்.

சாயங்காலம் இறக்கும்போது அது பொரித்த அப்பளம் மாதிரி நடுவில் எழும்பி நின்றது. எந்தக் காயை வைத்தாலும் நாலு பக்கமும் ஓடியது.

என் சந்தோஷத்தை நான் மறைக்கவில்லை. இரண்டு டீ குடித்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பழைய பலகை வண்ணாரப்பேட்டையில் பாத்திரத்தோடு விளையாட்டுச் சாமானும் விற்ற ஒரு முஸ்லிம் பாயின் கடையில் வாங்கியது. வாங்கிய மாசமே ஒரு குழியின் வலை அறுந்தது. நாங்கள் நாலு பேர் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனோம். நாங்கள் கத்தினோம், பாய் கத்தினார். சாமான் வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நான் அவர் தராசைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன், அவர் என் மூஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். பிறகு நாலு வலையையும் புதிதாக மாட்டிக் கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அதற்கப்புறம் நான் அந்த வழியாகப் போனால் கல்லாவிலிருந்து எழுந்து கை காட்டுவார். சண்டை போட்ட கடைதான் நம் கடை. சண்டை போடாத கடையில் நாம் யாரோ.

கிரேனும் அந்தக் காலத்து ஆள்தான். மறுநாள் சண்டைக்குத் தயாராக வந்தான். சட்டை மடித்து விட்டிருந்தான். ஆனால் போவதற்குக் கடை இல்லை. செயலாளர் தன் போனில் கம்பெனி நம்பரைப் போட்டு, சத்தமாக வைத்து, வளைந்த பலகையின் மேலேயே வைத்தார். அது கொஞ்சம் சரிந்து ஓரத்துக்கு வந்தது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று இயந்திரம் பேசி முடித்த பிறகு ஒரு பெண் வந்தது. அந்தப் பெண்ணின் குரலில் அவ்வளவு மரியாதை.

கிரேன் எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தான். "த பாரும்மா, வெயில்லதான் வெச்சேன். அதுக்கு இன்னா இப்போ?"

"பரவாயில்ல சார். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிச்சுக்கோங்க. ஒரு போட்டோ மட்டும் அனுப்புங்க, புதுசு அனுப்பிடறோம்."

கிரேன் திகைத்துப் போனான். கையை ஓங்கினவன் எதிரில் ஆள் இல்லாமல் நின்ற மாதிரி. இது வந்தால் அது, அது வந்தால் இது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகளுக்கு வேலையே இல்லாமல் போனது.

"இந்தப் பலகைய வந்து எட்த்துக்கினு போவீங்களா?"

"தேவையில்ல சார், நீங்களே வெச்சுக்கோங்க. ஆனா அடுத்ததை மட்டும் வெயில்ல வைக்காதீங்க சார்."

அவ்வளவுதான். போன் வைத்த பிறகும் அவன் மூச்சு அடங்கவில்லை. உள்ளே ஏறின கோபம் எங்கேயாவது இறங்க வேண்டுமே. என் பக்கம் திரும்பினான். நான் கண் வைத்ததால்தான் பலகை வளைந்தது என்றான். நான் பிடித்த மூலைதான் முதலில் எழும்பியது என்றான். நான் அவன் மருமகனைப் பற்றி ஒன்று சொன்னேன். அது சொல்லக் கூடாததுதான், ஆனால் நன்றாகச் சொன்னேன். ஏதோ ஒரு கடையில் முடிய வேண்டிய சண்டை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை எடுத்துப் போக ஆள் இல்லை.

இரண்டாவது பலகை அந்த வாரமே வந்து இறங்கியது. வளைந்ததை டீக்கடைக்காரர் வாங்கிக்கொண்டு போய் அடுப்புக்குச் சாரல் தடுக்க நிறுத்திக்கொண்டார்.

மேட்ச் புதுப் பலகையில்தான் என்று செயலாளர் சொல்லிவிட்டார். ராயபுரத்துக்காரர்களும் அதே கம்பெனிப் பலகை வாங்கிவிட்டார்களாம், இனிமேல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று பேசிக்கொண்டார்களாம். நாலு பேரைத் தேர்ந்தெடுக்க ஆட்டம் வைத்தார்கள். நான் கிரேனுக்கு எதிரே உட்கார்ந்தேன். என் நடுவிரலால் எப்போதும் தட்டுகிற மாதிரிதான் தட்டினேன். காய் நிற்கவே இல்லை. குழிக்கு முன்னால் தயங்க வேண்டிய இடத்தில் தயங்காமல் சட்டத்தில் போய் முட்டித் திரும்பியது. இன்னும் மெதுவாகத் தட்டினால் ஸ்ட்ரைக்கர் காயைப் பார்த்துவிட்டு அதைத் தாண்டிக் குழிக்குள் இறங்கியது. மைனஸ் மேல் மைனஸ். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நைனா, இந்த வருஷம் நீ பக்கத்துல இரு" என்றார் செயலாளர். பக்கத்தில் இரு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் செருப்புக்குக் காவல் இருக்கச் சொல்வது போல.

மேட்ச் அன்றைக்குப் போனேன். போகாமல் இருந்தால் பயந்துவிட்டான் என்பார்கள். சுவரோரம் உட்கார்ந்து, எங்கள் பக்கம் தோற்க வேண்டும் என்று மனதார நினைத்துக்கொண்டே பார்த்தேன். ஜெயித்துவிட்டார்கள். கிரேன்தான் கடைசியில் ரெட் என்கிற சிவப்புக் காயைப் போட்டு, கூடவே அதற்கு ஃபாலோவாக இன்னொரு காயும் போட்டான். நல்ல அடி. கை தட்டவில்லை. தோற்றவர்கள் டீ வாங்கித் தருவது வழக்கம். டீ என்னிடமும் வந்தது. அது ராயபுரத்துக் காசு, கிரேன் காசு இல்லை. அதனால் குடித்தேன்.

பழைய பலகையை மூலையில் வேறொரு முக்காலிமேல் போட்டுவிட்டார்கள். குண்டு பல்பைப் புதியதுக்கு மேலே நகர்த்தி மாட்டிவிட்டார்கள். சூடு இல்லாமல் பழையது ஒரே வாரத்தில் ஊறிப்போனது. நான் டோல்கேட் கடைத்தெருவில் மூன்று எலக்ட்ரிக் கடை ஏறி இறங்கினேன். குண்டு பல்பு இல்லை. எல்லாம் புது மாதிரி விளக்கு, கையால் தொடலாம், சூடே கிடையாது. மூன்றாவது கடைக்காரன் நல்ல பிள்ளைதான்.

"அதெல்லாம் இப்போ கடையில வராது நைனா. போன்ல ஆர்டர் பண்ணு, வூட்டுக்கே வரும்."

அவனோடு அரை மணி நேரம் சண்டை போட்டேன். அவனும் போட்டான். பல்பு கிடைக்கவில்லை, உடம்புக்கு மட்டும் நன்றாக இருந்தது.

இப்போதெல்லாம் நான் மத்தியானத்தில் மன்றத்துக்குப் போகிறேன். தகரக் கூரை கொதிக்கிற நேரத்தில் யாரும் வரமாட்டார்கள். அந்தக் கொதிப்பில் பழைய பலகை தானே காய்ந்து, தன் பழைய நடைக்கு வந்துவிடும். வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஒத்தையில் ஆடுவேன். சாயங்காலம் டீக்கடையில், அந்த வளைந்த பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பழைய பலகையில் கிரேன் என்னை ஒரு தடவைகூட ஜெயித்தது இல்லை என்று யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன். பொய் இல்லை அது.

யாரோ அவன் காதில் போட்டிருக்கிறார்கள். ஒரு மத்தியானம் வந்து வாசலில் நின்றான். பனியனெல்லாம் நனைந்திருந்தது. உட்காரச் சொல்லவில்லை. அவனே முக்காலி எதிரில் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நான் காயை அடுக்கினேன். அவன் வேகமாக அடித்தான், பழைய பலகை அந்த வேகத்தையெல்லாம் விழுங்கிவிட்டு பாதியில் நிறுத்தியது. நான் தட்டினேன். காய் தயங்கித் தயங்கிப் போய் இடது மூலையில் விழுந்தது. மறுபடி ஒன்று. கடைசியில் ரெட்டும் அதே வழியாகப் போனது.

அவன் ஸ்ட்ரைக்கரை பலகைமேல் வைத்துவிட்டு எழுந்தான். நான் இத்தனை நாள் வைத்திருந்த பத்து பதிலில் எதுவும் அப்போது தேவைப்படவில்லை.

"போ, கம்பெனிக்கு போன் பண்ணி சொல்லு" என்றேன். "இன்னொண்ணு அனுப்புவான்."