லாரியில் எழுதிய வெப்சைட்

எங்கள் போர்வெல் லாரியின் எஃப்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட் எதுவும் ஒருநாள்கூடத் தவறியதில்லை. தவறினால் செக்போஸ்டில் நிறுத்திவிடுவார்கள். வெப்சைட் பெயரைப் புதுப்பிக்காவிட்டால் யார் நிறுத்தப்போகிறார்கள்? புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்களெல்லாம், எப்போதோ வேலையை விட்டுப்போன ஒருவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன.

மத்தியப் பிரதேசத்தில் போர் போடப் போயிருந்த எங்கள் டிரைவர் போன் செய்தார்.

"ஏனுங்க, நம்ம வண்டியில எழுதியிருக்கற வெப்சைட்டைப் போட்டா சீட்டாட்டம் வருதுங்க. ஊர்க்காரங்க சிரிக்கறாங்க."

காலாவதியான பெயரை எவனோ வாங்கிச் சூதாட்டக் கடை விரித்திருந்தான். திருப்பிக் கேட்டு எழுதி எழுதி ஓய்ந்துவிட்டேன். பதிலே இல்லை. வண்டியோ மழைக்காலத்துக்குத்தான் எங்கள் ஊரான மல்லசமுத்திரத்துக்குத் திரும்பும். இரண்டு பக்கமும் ஆள் உயர எழுத்து. அது நிற்கிற காட்டில் பெயிண்டருக்கு எங்கே போவது?

"போர் போட்ட சேறு கெடக்குமில்ல, அதை அள்ளி எழுத்து மேல பூசி உடுங்க" என்றேன்.

"அப்பவே பூசிட்டமுங்க. ஆனா மழை பேஞ்சா கழுவீட்டுப் போயிருமுங்களே."

மழை வந்தால் எங்கள் தொழில் படுத்துவிடும். இனி அந்த மழையிலேயே நனைந்து ஊர் திரும்பும் வழியெல்லாம், எவனுடைய சூதாட்டத்துக்கோ விளம்பரமும் செய்ய வேண்டும்.