அலமாரிக்காரரின் ஆர்மேச்சர்

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் கடைத்தெருவில் யாருக்கும் தெரியாது. எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் கொடுப்பதால் வைண்டிங்காரர். எதிர்வரிசையில் அலமாரி செய்கிறவர் அலமாரிக்காரர். தெருக்கோடியில் சவப்பெட்டி செய்கிறவரை வெறுமனே பெட்டிக்காரர் என்பார்கள். முழுதாகச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

கப்பலில் சாமான் வருவது நின்றுபோனதிலிருந்து வைண்டிங்காரரின் பிழைப்பு தலைகீழாகிவிட்டது. கார்பன் பிரஷ் கிடையாது, பேரிங் கிடையாது, மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சருக்குச் சுற்றுகிற மெல்லிய செப்புக்கம்பி மருந்துக்குக்கூடக் கிடையாது. பெரிய மோட்டாரின் பிரஷ்ஷை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துச் சின்ன டிரில்லுக்கு மாட்டிப் பார்த்தார். அதுவும் தீர்ந்த பிறகு, செத்த மெஷின் இரண்டைப் பிரித்து ஒன்றுக்கு உயிர் கொடுப்பது என்று ஆயிற்று. அதற்கு அவராகவே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். சொந்தக்காரர் தன் வாயால் வேண்டாமென்று சொன்ன மெஷினில்தான் கை வைப்பார். மற்றதெல்லாம், பெயர் எழுதிய பிளாஸ்திரியை முதுகில் ஒட்டிக்கொண்டு சுவர்த் தட்டில் வரிசையாகப் படுத்திருக்கும். அந்தத் தட்டுக்குத் தெருவில் ‘வார்டு’ என்று பெயர்.

அந்த வார்டில் அலமாரிக்காரரின் இழைப்பு மெஷினும் இருந்தது. பலகையின் மேல் வைத்து லேசாகத் தள்ளினால் போதும், சீவித் தள்ளிக்கொண்டு போகும். அதில் போனது சுவிட்ச் ஒன்றுதான். மோட்டார் குத்துக்கல் மாதிரி இருந்தது. சுவிட்சே இல்லாமல் நேராக வயர் கொடுத்துவிடலாம் என்று வைண்டிங்காரர் சொல்லிப் பார்த்தார். பிடியை விட்டாலும் நிற்காத மெஷின் தனக்கு ஆகாது என்றுவிட்டார் அலமாரிக்காரர்.

“சுவிட்ச் வரட்டும் தம்பி. பத்து விரலும் எனக்கு வேண்டியிருக்கு.”

சுவிட்ச் வரவில்லை. நோய் வந்தது. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு முட்டி, அலமாரிக்காரரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பட்டறைக் கதவு சாத்திக் கிடந்தது. தேறமாட்டார் என்று ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பெட்டிக்காரர் தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருடையதும் அதே மாடல். ஆர்மேச்சர் கருகி, திறந்தால் குடலைப் பிரட்டும் நாற்றம். ஊரில் எல்லாத் தொழிலும் படுத்துக் கிடந்த காலத்தில் அவருக்கு மட்டும் வேலை தலைக்குமேல் இருந்தது. சுற்றக் கம்பி இல்லை என்று வைண்டிங்காரர் கையை விரித்தார். பெட்டிக்காரரின் கண் சுவர்த் தட்டுக்குப் போயிற்று.

“அது சும்மாதானேப்பா தூங்குது. அவர் எழுந்து வந்து கேக்கவா போறார்?”

“முடியாதுங்க.”

“உன்னால நாள் பாத்துக்கிட்டு இருக்க முடியும். நான் செய்யற வேலை அப்படியா? வீட்ல கிடத்திட்டு வாசல்ல வந்து நிக்கறாங்க.”

மறுநாள் வைண்டிங்காரர் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நலம் விசாரிக்கத்தான் போவதாக மனைவியிடம் சொன்னார்; தன்னிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்.

ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்குரூடிரைவர் நுனியை ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டே பேரிங் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லிவிடுகிற மனிதர் அவர். கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தபோதும் காது அந்த வேலையைத்தான் பார்த்தது. மூச்சு இழுக்கிறது. நடுவில் தடுக்குகிறது. விடும்போது அரைக்கிறது. கழுத்துக்குழி ஒவ்வொரு தடவையும் உள்ளே போய்விட்டு, வரலாமா வேண்டாமா என்று யோசித்து வெளியே வந்தது. அலமாரிக்காரர் கண்ணைத் திறந்து, எலும்பாகிவிட்ட கையால் அவர் கையைப் பிடித்தார்.

“தெருவுல ஒருத்தன் எட்டிப் பாக்கலை. நீயாவது வந்தியே தம்பி.”

வைண்டிங்காரர் தலையை ஆட்டினார். கடைக்குத் திரும்பியதும் மெஷினைக் கீழே இறக்கி, பிளாஸ்திரியைக் கிழித்து, திருகுகளைக் கழற்றினார். ஏதோ கேட்க வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“போய்ட்டாரா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்குப் பேரைக் கிழிச்சீங்க?”

அவர் பேரிங் கழற்றும் புல்லரைத் தேடுவதுபோல மேஜைக்கடியில் குனிந்துகொண்டார். சாயங்காலம் அந்த ஆர்மேச்சரோடு பெட்டிக்காரரின் மெஷின் கிணுகிணுவென்று ஓடியது.

ஊர் எழுதிய தீர்ப்பும், அவர் காது எழுதிய தீர்ப்பும் பொய்த்துப்போயின. அலமாரிக்காரர் பிழைத்து வந்துவிட்டார். சட்டையைக் கொம்பில் மாட்டியது மாதிரி இருந்தாலும், நடந்தே வீட்டுக்குள் போனார். அவர் மனைவி நேராக வைண்டிங்காரரின் கடைக்கு வந்தாள். உளி பிடிக்கிறார், அளவெடுக்கிறார், ரம்பத்தைக்கூட மெதுவாக இழுத்துவிடுகிறார். கையால் இழைப்புளி தள்ள மட்டும் மூச்சுப் பத்தவில்லை, நாலு தள்ளுக்கே உட்கார்ந்துவிடுகிறார் என்றாள். பாதியில் நின்ற அலமாரியைக் கேட்டு ஆள் வந்துவிட்டதாம்.

“மெஷின் மட்டும் கைக்கு வந்துட்டா நாங்க தலை தூக்கிருவோம் தம்பி.”

“சுவிட்ச் வரலையே அண்ணி.” என்றார் வைண்டிங்காரர்.

அவள் போய்விட்டாள். கொஞ்ச நாள் கழித்துத் திரும்பி வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, மேஜைமேல் ஒரு சுவிட்சை வைத்தாள். வெளிநாட்டில் இருக்கும் தன் தம்பிக்குச் சொல்லியனுப்பி, அவன் அலைந்து வாங்கி, ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்து அனுப்பியது. வைண்டிங்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதே மாடல், அச்சு அசல். ஒரு குறை சொல்ல முடியாது. நாளைக்குத் தருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, அவள் தலை மறைந்ததும் தெருக்கோடிக்கு ஓடினார்.

பெட்டிக்காரரின் மெஷின் மூலையில் கவிழ்ந்து கிடந்தது. கிட்டே போகுமுன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

“ஈர மரம்ப்பா. காயவைக்க விட்டாத்தானே? ஓயாம ஓட்டினேன், பொசுங்கிருச்சு. சொல்லணும்னுதான் இருந்தேன்.”

சண்டை போடக்கூட வைண்டிங்காரருக்குத் தெம்பு இல்லை. ஆர்மேச்சரை வாங்கி வந்து, ஒரு பழைய மோட்டாரின் கம்பியை உருவிச் சுற்றிப் பார்த்தார். வளைக்கிற இடத்திலெல்லாம் மேல்பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. இதை மாட்டினால் கடையில் ஓடும், அலமாரிக்காரர் சிரித்துக்கொண்டே எடுத்துப் போவார், முதல் பலகையின் பாதியில் புகைந்துவிடும். அப்படியே கொடுத்துவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைக்கத்தான் செய்தார். பிறகு உள்ளே ஒன்றுமில்லாத மெஷினையும் புது சுவிட்சையும் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார்.

பட்டறையில் அலமாரிக்காரர் சின்ன முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் பலகைகள் சொரசொரவென்று சாய்ந்து நின்றன. மனைவி கூட்டிக்கொண்டிருந்தாள். வைண்டிங்காரர் மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னார். துடைப்பத்தின் சத்தம் நின்றது.

அலமாரிக்காரர் மெஷினை வாங்கி, கனமில்லாததைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

“எப்ப கழட்டினே?”

“நீங்க ஆஸ்பத்திரியில இருக்கும்போது.”

“அங்க வந்து என்னைப் பாத்தியே. அதுக்கு முன்னாடியா, அப்புறமா?”

முன்னாடி என்று சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு, தன்னைப் பார்க்க ஒருவன் வந்த அந்த ஒரு நாளாவது மிச்சமாகியிருக்கும். அது வைண்டிங்காரருக்கும் தெரிந்தது. ஆனால் நாக்கு முந்திக்கொண்டது.

“அப்புறம்.”

அலமாரிக்காரர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமாயிற்று.

“பெட்டிக்காரன்கிட்டயா குடுத்தே? என் மெஷினை வச்சே எனக்குப் பெட்டி இழைச்சிருப்பான். வழுவழுன்னு வந்திருக்கும்.”

மனைவி துடைப்பத்தைப் போட்டுவிட்டு, வைண்டிங்காரர் மேஜைமேல் வைத்திருந்த சுவிட்சை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“நாளைக்குக் காலையில வா,” என்றார் அலமாரிக்காரர். “அங்க நிக்குது பாரு, அத்தனையும் நீதான் இழைக்கணும். ஆர்மேச்சர் கிடைக்கிற வரைக்கும்.”

“எனக்கு இழைக்கத் தெரியாதேண்ணே.”

“எனக்குச் சாகத் தெரியலை. என்ன செய்யறது?”

மறுநாளிலிருந்து வைண்டிங்காரர் கடையைத் திறக்குமுன் அங்கே போய்விடுகிறார். உள்ளங்கை கொப்புளித்து, உடைந்து, மறுபடி கொப்புளித்தது. மெல்லிய கம்பியைத் தடவிப் பார்த்தே பழுது சொன்ன விரல் நுனிகள் மரத்துப்போயின. அலமாரிக்காரர் முக்காலியில் இருந்தபடி, இது பலகையா உழுத வயலா என்று திட்டுவார், உடம்பைச் சாய்க்கச் சொல்வார், மற்றபடி பேச்சில்லை. அண்ணி இப்போதெல்லாம் தம்பி என்று கூப்பிடுவதில்லை. தண்ணீர்ச் சொம்பை எட்டத்தில் வைத்துவிட்டுப் போகிறாள்.

ஒரு நாள் அலமாரிக்காரருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. விடவில்லை. மூச்சு இழுத்தது, நடுவில் தடுக்கியது. வைண்டிங்காரர் தன்னையறியாமல் இழைப்புளியை நிறுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அலமாரிக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“என்ன கேட்டுக்கிட்டு நிக்கறே? இழை.”