கொத்தவரங்காய் நறுக்கிய அம்மா

பிரசவத்துக்குப் பிறகு என் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்துவிட்டது. மறுபடி உறையாமலிருக்க மாத்திரை தந்து, மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். கொல்லங்கோட்டு ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்காகக் காத்திருக்கும் பெஞ்சில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய நரைமுடி. மடியில் தட்டை வைத்துக் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்கம்மா, ஊட்டுல நறுக்க நேரமில்லீங்களா?” என்றேன்.

“நேரம் நெறையக் கெடக்குது கண்ணு, ஆளுதான் இல்ல. நீ திங்கற மாத்திரதான் எனக்கும். வெரல வெட்டிக்கிட்டா ரத்தம் லேசுல நிக்காது. இங்கன்னா நர்சம்மா ஓடி வரும். ஊட்டுல பூனதான் வந்து பாத்துட்டுப் போவும்.”

இருவரும் சிரித்தோம்.

பகலில் என் வீட்டிலும் நானும் குழந்தையும் மட்டும்தான். அன்றிலிருந்து கத்தியை எடுத்தாலே கை தயங்கியது. எனக்கு ஏதாவது ஆனால் குழந்தையை யார் தூக்குவார்கள்? வீண் பயமோ என்றும் தோன்றியது.

அடுத்த மாதம் என் பையிலும் கொத்தவரங்காய் இருந்தது. “நீங்களும் ஆரம்பிச்சாச்சுங்களா?” என்று நர்ஸ் சிரித்தார். அந்த அம்மா வரவில்லை. பக்கத்தில் அவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தேன். நறுக்கும்போது வாசலைப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே இருந்தேன்.