ஜவுளிக்கடை கிறிஸ்துமஸ் தாத்தா

கல்லூரி முடித்து வேலை தேடிய ஆண்டில், தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றின் வாசலில் கிறிஸ்துமஸ் தாத்தாவாக நின்றேன். சிவப்பு அங்கியின் நெஞ்சில் கடையின் பெயர், மூட்டை நிறையத் தள்ளுபடிச் சீட்டுகள். முகமூடியைக் கழற்றவே கூடாது என்பது மேலாளரின் உத்தரவு.

ஒரு மாலை, நாலு வயதுச் சிறுமி ஒருத்தி கூட்டத்திலிருந்து வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரமாகியும் அவளைத் தேடி யாரும் வரவில்லை. பெயர் கேட்கலாமென்று குனிந்து முகமூடியைக் கழற்றினேன். வியர்த்து வழிந்த என் முகத்தைப் பார்த்ததும் அவள் வீறிட்டாள்.

"இன்னா, யார் கொழந்தடா இது? தூக்கிக்கினு போவ பாக்குறியா?" என்று ஒருவர் என் கழுத்தைப் பிடித்தார். கூட்டம் சூழ்ந்தது. அவசரமாக முகமூடியை மறுபடி மாட்டினேன். அவள் அழுகையை நிறுத்தி, "தாத்தா" என்று என் காலைக் கட்டிக்கொண்டாள். கழுத்திலிருந்த பிடி தளர்ந்தது.

கடை ஒலிபெருக்கியில் அறிவித்ததும் அவளுடைய அம்மா இரண்டாம் மாடியிலிருந்து அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

"மூணு பேரும் சேர்ந்து நில்லுங்க, விளம்பரத்துக்கு ஆகும்" என்று மேலாளர் போனைத் தூக்கினார். அந்த அம்மா இன்னும் மகளை இறுக்கிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். வேண்டாமென்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பொங்கல்வரை அந்தப் படம் கடை வாசலில் பேனராகத் தொங்கியது.